கே. சுப்பிரமணியமும் மெட்ராஸ் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கார்ப்பரேஷனும்: சீர்திருத்தப் படங்களின் மூன்றாண்டுக் காலம்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்களில் கே. சுப்பிரமணியம் (1904–1971) பெறும் இடம் பெரும்பாலும் இரண்டு குறிப்புகளில் அடங்கிவிடுகிறது. எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்பது ஒன்று. ஆங்கில அரசு தடைசெய்த தியாகபூமியை இயக்கியவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஆயினும் அப்படங்களை எடுக்க அவருக்கு இடமளித்த நிறுவனம் எத்தகையது, அதன் முதல் எங்கிருந்து வந்தது, அது ஏன் நீடிக்கவில்லை என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. 1930களின் இயக்குநர்களில் பெரும்பாலோர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். கதையைத் தேர்வது முதல்போட்டவரின் உரிமையாக இருந்தது. சுப்பிரமணியம் அவ்வுரிமையைத் தம் கையில் வைத்துக்கொள்ள ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனத்தின் வழியே 1937 முதல் 1939 வரை வெளிவந்த மூன்று படங்கள் தமிழ்ச் சினிமாவின் போக்கில் ஒரு திருப்பத்தை உண்டாக்கின. கதைத்தேர்வில் அவர் பெற்ற உரிமை கடன்முதலின் மீதும், சில ஆண்டுகளே நிலவிய அரசியல் சூழலின் மீதும் நின்றது என்பதையும், அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விலகின என்பதையும் அவருடைய வாழ்க்கையின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டமும் மௌனப்படமும்

சுப்பிரமணியம் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணசாமி ஐயர் வழக்குரைஞர். மகனும் சட்டமே பயின்றார். காவிரிக் கரையின் பிராமணக் குடும்பங்களில் அக்காலத்தில் அது இயல்பான வழி. நிலம், சட்டம், சங்கீதம் ஆகிய மூன்றும் சூழ்ந்த அந்த உலகத்தை அவர் உள்ளிருந்து அறிந்தவர் என்பது பின்னர் அவர் எடுத்த படங்களில் தெளிவாகத் தெரிகிறது. அக்கிரகாரத்தின் மீதான அவருடைய விமர்சனம் அதன் திண்ணையிலிருந்தே எழுந்தது. அவ்விமர்சனத்தின் வலிமையும் எல்லையும் அதுவே.

அவர் சட்டத்தொழிலில் நிலைக்கவில்லை. மௌனப்படக் காலத்தின் இறுதியில் சென்னையில் ஆர். பத்மநாபன் நடத்திவந்த அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்தோடு தொடர்பு ஏற்பட்டது. அங்கு ராஜா சாண்டோ இயக்கிய படங்களுக்குத் திரைக்கதை எழுதும் பணியில் ஈடுபட்டார். பேயும் பெண்ணும் (1930) அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வை.மு. கோதைநாயகி அம்மாளின் அநாதைப் பெண் நாவல் படமானதும் இக்குழுவினரிடையேதான். தமிழ்நாட்டில் பேசும்படம் வந்த பின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் திரைக்கதை என்பது மேடை நாடகத்தின் மறுபதிப்பாகவே இருந்தது. அதற்கு முன், மௌனப்படத்தின் கடைசி ஆண்டுகளில், சமகால நாவலும் சமூகப் பொருளும் திரைக்குச் செல்லும் ஒரு சிறு பாதை திறந்திருந்தது. ஒலி வந்ததும் பாட்டு வந்தது, பாட்டோடு புராண நாடகம் வந்தது, அப்பாதை அடைபட்டது. அதை மீண்டும் திறந்தவர்களுள் முதன்மையானவர் மௌனப்படக் கூடத்தில் பயின்ற ஒருவராக இருந்தது தற்செயலன்று.

அடையாற்றுப் படப்பிடிப்பு

அவருடைய இயக்கத்தில் வெளிவந்த முதல் பேசும்படமாகிய பவளக்கொடி (1934) அந்நாளைய வழக்கத்தையே பின்பற்றியது. பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் புகழ்பெற்றிருந்த நாடகம் அது. செட்டிநாட்டு முதலீட்டோடு மீனாட்சி சினிடோன் என்ற பெயரில் அடையாற்றில் படம் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் கொண்ட அப்படம் பெருவெற்றி பெற்றது. பாகவதரின் திரைவாழ்வு அங்கிருந்து தொடங்கிற்று. பின்னர்ச் சுப்பிரமணியத்தின் வாழ்க்கைத் துணைவியருள் ஒருவராகவும், அவர் எடுத்த முக்கியப் படங்களின் நாயகியாகவும் விளங்கிய சுப்புலட்சுமிக்கும் அதுவே முதற்படம்.

அப்படத்தின் படப்பிடிப்பு நிலைமை குறித்து வழங்கும் செய்தி ஒன்று தொழில்நுட்ப வரலாற்றுக்குப் பயன்படும். மின்விளக்கு வசதி போதாமையால் திறந்தவெளியில் சூரிய ஒளியிலேயே படம்பிடிக்க வேண்டியிருந்தது. மேகம் மறைத்தால் வேலை நிற்கும். நண்பகல் உணவுக்குப் பின் எச்சிலுக்குத் திரளும் காகங்களின் கரைதல் ஒலிப்பதிவில் புகுந்துவிடும். ஆகவே வானத்தை நோக்கிச் சுட்டுக் காகங்களை விரட்டவே ஓர் ஆங்கிலோ இந்தியர் அமர்த்தப்பட்டார் எனத் திரைவரலாற்றாளர்கள் பதிந்துள்ளனர். நகைச்சுவையாகச் சொல்லப்படும் இச்செய்தி, சென்னையில் படம் எடுப்பதே ஒரு துணிகரமாக இருந்த நிலையை உணர்த்துகிறது. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் (1931) உட்பட முந்தைய தமிழ்ப் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்டவை. ஏ. நாராயணன் சென்னையில் ஒலிப்பட நிலையம் அமைத்ததும் 1934இல்தான்.

தொடர்ந்து நவீன சதாரம், நவீன சாரங்கதாரா முதலிய படங்கள் வந்தன. பெயரில் மட்டுமே நவீனம் கொண்டிருந்த அவற்றை விரிவாக ஆராய வேண்டியதில்லை.

நிறுவனமும் அதன் பெயரும்

மெட்ராஸ் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கார்ப்பரேஷன் என்னும் பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. 1919இல் அமெரிக்காவில் சாப்ளின், மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோர் பெருநிலையங்களின் பிடியிலிருந்து விலகித் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். அப்பெயரின் எதிரொலி சென்னை நிறுவனத்தின் பெயரில் கேட்பதை மறுக்க இயலாது. கலைஞர்களே தம் படைப்புக்கு உரிமையாளர்களாவது என்னும் கருத்து அப்பெயரோடு சேர்ந்தே வந்தது. ஆனால் நிலைமை வேறு. அமெரிக்க நிறுவனத்தைத் தொடங்கியோர் ஏற்கெனவே பெருஞ்செல்வம் ஈட்டிய நட்சத்திரங்கள். விநியோகத்தையும் தம் கையில் வைத்திருந்தனர். சென்னையில் சுப்பிரமணியத்திடம் இருந்தவை சில வெற்றிப்படங்கள் தந்த மதிப்பும், நம்பிக்கைக்குரிய கலைஞர் குழுவும் மட்டுமே. விநியோகமும் கடனும் பிறர் கையில் இருந்தன.

அக்குழு சிறியது, ஆனால் உறுதியானது. எஸ்.டி. சுப்புலட்சுமி, தம்பி கே. விஸ்வநாதன், அவர் மகள் பேபி சரோஜா, இசைக்கும் பாடலுக்கும் பாபநாசம் சிவன். பக்த குசேலாவில் (1936) சிவனே குசேலராக நடித்தார். சுப்புலட்சுமி கண்ணனாகவும் குசேலரின் மனைவியாகவும் இரு வேடம் ஏற்றார். கர்நாடக இசை மரபில் சாகித்தியகர்த்தாவாக மதிக்கப்பட்ட ஒருவரை நடிகராக நிறுத்தியது அந்நாளில் எளிய செயலன்று. கூத்தாடிகள் என ஒதுக்கப்பட்டிருந்த திரைக்கலைஞர்களின் சமூகத் தகுதியை உயர்த்த வேண்டும் என்ற சுப்பிரமணியத்தின் நோக்கத்திற்கு இதையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

மவுண்ட் ரோட்டில் மோஷன் பிக்சர் புரொடியூசர்ஸ் கம்பைன் என்ற பெயரில் படப்பிடிப்பு நிலையம் ஒன்றும் சுப்பிரமணியத்தின் முயற்சியில் உருவாயிற்று. தயாரிப்பாளர் பலர் கூடிப் பயன்படுத்தும் நிலையம் என்பது அதன் கருத்து. நிலையம் சொந்தமாக இருந்தால் கல்கத்தா செல்லும் செலவு மிச்சமாகும். நடிகரைப் பல மாதம் வெளியூரில் வைத்துப் பேண வேண்டியதில்லை. எடுத்த காட்சியைத் திருத்தி எடுக்கலாம். கணக்கு சரியானதே. ஆனால் நிலையம் என்பது மாதந்தோறும் வட்டி கேட்கும் சொத்து. தொடர்ந்து படங்கள் ஓடினால் மட்டுமே அது தாங்கும்.

பாலயோகினி: விதவையும் வேலைக்காரனும்

1936 நவம்பரில் திருவிதாங்கூர் மன்னர் ஆலய நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பாலயோகினி வெளிவந்தது. உறவினரால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பிராமண விதவை ஒருத்தி தன் சிறுமகளோடு தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரன் வீட்டில் தஞ்சம் புகுகிறாள். அவன் இறந்தபின் அவன் குழந்தைகளைத் தன் குழந்தைகளாகவே வளர்க்கிறாள். கதையின் மையம் இதுதான். பெரியோர் மழுப்பும் நியாயங்களைக் குழந்தை நேராகக் கேட்கிறது. அக்குழந்தையாக நடித்த பேபி சரோஜா தமிழகம் எங்கும் புகழ்பெற்றாள். அவ்வாண்டுகளில் பிறந்த பெண்குழந்தைகள் பலருக்குச் சரோஜா எனப் பெயரிடப்பட்டது என்பது வழக்கில் நிலைத்த செய்தி.

விதவைப் பாத்திரத்திற்குப் பிராமண விதவை ஒருவரையே நடிக்க வைத்ததாகவும், தஞ்சையில் கூடிய வைதிகர் அவை சுப்பிரமணியத்தைச் சாதிவிலக்கம் செய்ததாகவும் திரைவரலாற்று நூல்கள் குறிக்கின்றன. சாதிவிலக்கம் 1937இல் வெறும் சொல்லன்று. திருமணம், ஈமக்கடன், புரோகிதம் ஆகிய அனைத்தையும் அது தொடும். அரசின் தணிக்கையைக் காட்டிலும் சொந்தச் சமூகத்தின் தணிக்கையை அவர் முதலில் சந்தித்தார் என்பது கவனிக்கத்தக்கது. அப்போதைய தணிக்கைக் குழு காவல்துறை ஆணையரின் தலைமையில் இயங்கியது. அக்குழு தேடியது அரசத் துரோகத்தை. அக்கிரகாரத்துத் துயரம் அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை.

படத்தின் எல்லையையும் சுட்டவேண்டும். வேலைக்காரன் இறந்த பின்னரே விதவை அவ்வீட்டின் தாயாக முடிகிறது. உயிருடன் இருக்கும் தாழ்த்தப்பட்ட ஆணோடு உயர்சாதிப் பெண் ஒரே வீட்டில் நெடுநாள் வாழ்வதைக் கதை தாங்கவில்லை. ஈகை மேலிருந்து கீழ்நோக்கியே செல்கிறது. அதே ஆண்டுகளில் சுயமரியாதை இயக்கம் விதவை மறுமணத்தையும் சாதிமறுப்புத் திருமணத்தையும் நடைமுறையில் நிகழ்த்திவந்ததை எண்ணினால், பாலயோகினி காந்திய ஹரிஜன முன்னேற்றச் சிந்தனையின் வட்டத்திற்குள் நின்றது என்பது விளங்கும். அவ்வட்டத்தைத் தாண்டாத ஒரு படமே சாதிவிலக்கத்தை வருவித்தது என்பதிலிருந்து எதிர்ப்பின் வன்மையை அளவிடலாம்.

சேவாசதனம்: காசியிலிருந்து தமிழகத்திற்கு

1938இல் வெளிவந்த சேவாசதனம், பிரேம்சந்தின் நாவலைத் தழுவியது. முதலில் உருதுவில் எழுதப்பட்டு இந்தியில் முதலில் வெளியான அந்நாவலைத் தமிழில் தந்தவர் எஸ். அம்புஜம்மாள். காங்கிரஸ் தலைவர் எஸ். சீனிவாச ஐயங்காரின் மகள் அவர். மொழிபெயர்ப்பு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஆகவே திரையரங்கில் கூடியோரில் ஒரு பகுதியினர் கதையை ஏற்கெனவே வாரந்தோறும் படித்தவர்கள். பத்திரிகை வாசகரைத் திரைப்பார்வையாளராக மாற்றும் முறை இங்கே தொடங்குகிறது. விளம்பரத்திற்குப் பெரும்பணம் செலவிட இயலாத சிறு நிறுவனத்திற்கு இது மிகப் பொருத்தமான முறை.

வரதட்சிணைக்கு வழியின்றி வயதுமுதிர்ந்த ஏழை ஒருவனுக்கு மணமுடிக்கப்பட்ட சுமதி என்னும் பெண், கணவனின் ஐயத்தால் தெருவில் தள்ளப்பட்டுக் கணிகையர் வாழ்வை அடைந்து, அதிலிருந்து மீண்டு, கணிகையரின் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்துகிறாள். மூலநாவலின் பின்னணி காசி நகரம். அங்குக் கணிகையரை நகரின் நடுவிலிருந்து அகற்றுவது பற்றிய நகரசபை விவாதம். தமிழில் அதற்கு வேறு பொருள் விளைந்தது. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்கு முயன்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. சட்டமோ 1947 வரை வரவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் தாசிகள் மோசவலை நாவல் 1936இல் வெளிவந்திருந்தது. இச்சூழலில் சுமதியாக நடித்தவர் மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள் எம்.எஸ். சுப்புலட்சுமி. அவருக்கு இதுவே முதற்படம்.

இசைவேளாளர் மரபிலிருந்து வந்த ஓர் இளம்பாடகி, அக்கிரகாரப் பெண் கணிகையாகி மீளும் கதையில் தோன்றினார். பார்வையாளர் இவ்விரண்டையும் ஒருசேர அறிந்திருந்தனர். கதை கணிகை வாழ்வை வீழ்ச்சியாகக் காட்டுகிறது. பாட்டோ அம்மரபு பேணிய கலையின் உயரத்தைக் காதில் நிறுத்துகிறது. இம்முரண் படத்தில் தீர்க்கப்படவில்லை. தீர்க்காமல் விட்டதை இயக்குநரின் குறையாகக் கருதுவதைவிட, அக்காலத்தின் தீராத சிக்கல் திரையில் அப்படியே பதிந்ததாகக் கொள்வது பொருந்தும். கலையைப் போற்றிக் கலைஞர் குலத்தை ஒதுக்கிய சீர்திருத்தத்தின் வரலாற்றை எழுதுவோருக்குச் சேவாசதனம் விலக்க முடியாத சான்று.

சுமதியின் கணவனாக நடித்த எஃப்.ஜி. நடேச ஐயர் திருச்சியின் பயில்முறை நாடக இயக்கத்தில் புகழ்பெற்றவர். தொழில்முறைக் கம்பெனிகளுக்கு வெளியே நடிகரைத் தேடும் சுப்பிரமணியத்தின் வழக்கத்திற்கு இதுவும் எடுத்துக்காட்டு.

தியாகபூமி: தொடர்கதையும் படமும் ஒருங்கே

ஆனந்த விகடனின் ஆசிரியராக இருந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, கர்நாடகம் என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதியவர். தமிழ்ப் படங்களையும் கடுமையாக விமர்சித்தவர். அவரிடமே கதை கேட்டார் சுப்பிரமணியம். படத்திற்கென எழுதப்பட்ட கதை, படம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே விகடனில் தொடராக வெளிவந்தது. தொடருக்கு ஓவியத்திற்குப் பதில் படத்தின் நிழற்படங்கள் இடம்பெற்றன. சாவித்திரியை எண்ணும் வாசகர் மனத்தில் எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகமே முன்கூட்டிப் பதிந்தது. நாவலின் திரைத்தழுவல் எனத் தியாகபூமியைக் குறிப்பிடும் வழக்கம் ஆய்வேடுகளில் உண்டு. அது முன்பின் மாறிய கூற்று. இரு வடிவங்களும் ஒரே காலத்தில், ஒன்றை ஒன்று சார்ந்து உருவானவை.

நெடுங்கரையின் சம்பு சாஸ்திரி, புயல் வெள்ளத்தில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைக்கலம் தந்து ஊராரால் ஒதுக்கப்படுகிறார். மகள் சாவித்திரி மேனாட்டு மோகம் கொண்ட ஸ்ரீதரனுக்கு மணமாகிக் கல்கத்தாவில் கொடுமைக்குள்ளாகிறாள். திரும்பி வந்தபோது தந்தையின் வீடும் இல்லை. பெற்ற குழந்தையைத் தந்தையின் அருகே விட்டுச்சென்று, பம்பாயில் அத்தையின் சொத்துக்கு உரியவளாகி, உமாராணியாகச் சென்னைக்குத் திரும்புகிறாள். செல்வம் கண்ட கணவன் சேர்ந்துவாழும் உரிமை கோரி வழக்குத் தொடுக்கிறான். அவனோடு வாழ மறுக்கும் அவள், வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தரத் தான் ஆயத்தம் என நீதிமன்றத்தில் கூறுகிறாள். இறுதியில் தேசசேவையில் இறங்கிச் சிறை செல்கிறாள்.

நீதிமன்றக் காட்சியின் கூர்மைக்குக் கல்கியின் பேனா மட்டும் காரணமாகாது. சட்டம் பயின்ற இயக்குநரின் அறிவும் அதில் உண்டு. 1880களில் பம்பாயில் ருக்மாபாய் தொடர்பான வழக்கில் நாடு முழுவதும் விவாதிக்கப்பட்ட அதே சட்டக் கோரிக்கைதான் சாவித்திரியின் மீதும் தொடுக்கப்படுகிறது. இந்துப் பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை அன்று இல்லை. தனித்து வாழ்ந்து பராமரிப்புப் பெறும் உரிமையை வரையறுத்த சட்டம் 1946இல்தான் வந்தது. சென்னை மாகாணத்தில் மணவிலக்குச் சட்டம் 1949இல் வந்தது. சட்டம் தராத விடையைப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்பாத்திரம் சொல்லிவிட்டது. பராமரிப்புத் தருபவன் ஆண், பெறுபவள் பெண் என்ற வழக்கைத் தலைகீழாக்கிய அக்கூற்றே சாதிப்பிரச்சினையைக் காட்டிலும் கூடுதலான சலசலப்பை எழுப்பியதில் வியப்பில்லை. எனினும் அவ்வாறு பேசுவதற்கு அவளுக்குத் திடீர்ச் சொத்து தேவைப்பட்டது. சொத்தில்லாத சாவித்திரி நீதிமன்றத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்னும் வினாவைக் கதை எழுப்பவில்லை.

1939 மே 20ஆம் நாள் சென்னை கெயிட்டி அரங்கில் படம் வெளியாயிற்று. இரகுபதி வெங்கையா 1914இல் கட்டிய அவ்வரங்கு, சென்னையில் இந்தியர் ஒருவர் அமைத்த முதல் நிலையான திரையரங்கு. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், குழந்தை சாருவாகப் பேபி சரோஜாவும், ஸ்ரீதரனாக கே.ஜே. மகாதேவனும் நடித்தனர். டி.கே. பட்டம்மாளின் குரலில் தேசபக்திப் பாடல் ஒலித்தது. காந்தியடிகள் இராட்டை சுழற்றும் உண்மைப் படச்சுருளும் சேர்க்கப்பட்டிருந்தது. ஏழு வாரம் கழித்து, ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நிகழ்ந்தது. திரையில் கண்டதும் நாளிதழில் படித்ததும் ஒரே கோடையின் செய்திகளாயின.

தடையும் ஏலமும்

இப்படம் தணிக்கையைக் கடந்ததற்கு அரசியல் காரணம் தெளிவானது. 1937 ஜூலை முதல் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை மாகாணத்தை ஆண்டது. காந்தியின் உருவத்தைக் காட்டுவதும் தேசியப் பாடல் ஒலிப்பதும் அந்த இரண்டு ஆண்டுகளில் குற்றமாகக் கருதப்படவில்லை. போர் தொடங்கியதை அடுத்து 1939 அக்டோபர் இறுதியில் அமைச்சரவை பதவி விலகியது. ஆளுநரின் நேரடி ஆட்சியில் 1940இல் தியாகபூமி காங்கிரஸ் பிரசாரம் எனத் தடைசெய்யப்பட்டது. தணிக்கைச் சான்று பெற்று, பல வாரங்கள் ஓடி, ஊரெல்லாம் பார்த்த படம் அது. தடைச் செய்தி பரவியதும் கெயிட்டியில் இலவசமாகத் தொடர்ந்து திரையிட்டதாகவும், கூட்டத்தைக் காவலர் தடியடியால் கலைத்ததாகவும் கூறப்படுவது திரைவரலாற்றில் வழிவழி வரும் செய்தி.

தடையின் பொருளாதார விளைவு குறைவாகவே பேசப்பட்டுள்ளது. பெரிய அரங்குகளில் முதல் ஓட்டம் முடிந்தபின் சிற்றூர்க் கொட்டகைகளிலும் மறுவெளியீடுகளிலும் நெடுநாள் வருவாய் தருவதே அக்காலப் படத்தின் இயல்பு. அந்த வருவாயை ஓர் ஆணை நிறுத்திவிட்டது. ஏறத்தாழ இதே காலத்தில் மவுண்ட் ரோட்டு நிலையம் தீவிபத்துக்கு உள்ளாயிற்று. கடன் தீர்க்க வழியின்றி நிலையம் ஏலத்திற்கு வந்தது. அதை எடுத்தவர் எஸ்.எஸ். வாசன். ஏலத்தொகை 86,427 ரூபாய் 11 அணா 9 பை என நூல்கள் குறிக்கின்றன.

வாசன் வேற்றார் அல்லர். தியாகபூமியைத் தொடராக வெளியிட்ட ஆனந்த விகடனின் உரிமையாளர் அவரே. விநியோகத் துறையிலும் இறங்கியிருந்தார். பத்திரிகையின் வழியே வாசகரைத் திரைக்கு இட்டுவந்த முறையில் இருவரும் பங்காளிகள். அம்முறையைக் கண்டவருக்கு நிலையம் எஞ்சவில்லை. பத்திரிகையைக் கையில் வைத்திருந்தவருக்கு நிலையமும் கிட்டிற்று. அது ஜெமினி ஸ்டூடியோவாக மாறி, 1948இல் சந்திரலேகாவைத் தந்தது. இதை வஞ்சகமாகக் கருத ஆதாரம் இல்லை. வணிகத்தின் இயல்பான போக்கே இது. ஆனால் இதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு தமிழ்ச் சினிமாவில் கதையைத் தேர்வது பெருநிலைய முதலாளிகளின் கையிலேயே பெரிதும் இருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி, ஏவி.எம். என்னும் வரிசையில் இயக்குநர் மீண்டும் ஊழியரானார்.

பிந்தைய ஆண்டுகள்

நிலையம் போன பின்னும் சுப்பிரமணியம் ஓயவில்லை. டி.ஆர். ராஜகுமாரியைப் பெருநட்சத்திரமாக்கிய கச்ச தேவயானி (1941), மலையாளத்தில் பிரகலாதா (1941), அனந்தசயனம் (1942) ஆகியன அடுத்தடுத்து வந்தன. அனைத்தும் புராணம். நான்கு ஆண்டு முன்பு சமகால நாவலைத் தேடியவர் பவளக்கொடி காலத்துப் பொருளுக்குத் திரும்பினார். இதைக் கருத்துமாற்றமாகக் கொள்ளும் ஆய்வாளர் உண்டு. கடனில் நின்ற ஒருவருக்குத் தணிக்கையால் தீண்டப்படாத கதை தேவைப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

போர்க்காலத்தில் கச்சாப் படச்சுருள் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு வரையறுக்கப்பட்டது. அரசின் போர்முயற்சிக்குத் துணைசெய்யும் படங்களைத் தயாரிப்பாளர்களிடம் அரசு எதிர்பார்த்தது. அவ்வகையில் சுப்பிரமணியம் எடுத்தது மான சம்ரக்ஷணம் (1945). எந்த அரசு அவர் படத்தைத் தடைசெய்ததோ அதே அரசின் போருக்காக அவர் படம் எடுத்தார். நாயகி அதே சுப்புலட்சுமி. சாவித்திரியாகச் சிறை சென்ற நடிகை ஜப்பானிய உளவாளிகளை முறியடிப்பவராக வந்ததை அன்றைய பார்வையாளர் எவ்வாறு ஏற்றனர் என்பது தனி ஆய்வுக்குரியது. அவருடைய வாழ்க்கையைத் தேசபக்தரின் நேர்கோட்டு வரலாறாக எழுதுவோர் இப்படத்தைத் தவிர்த்துவிடுகின்றனர். தவிர்க்காமல் நோக்கும்போதுதான் தியாகபூமி எவ்வளவு அரிய வாய்ப்பில் உருவானது என்பது புலப்படும்.

தனி நிறுவனத்தால் இயலாததைச் சங்கத்தால் செய்ய முயன்றது அவர் வாழ்வின் மற்றொரு பகுதி. 1939இல் சத்தியமூர்த்தியை முதல் தலைவராகக் கொண்டு தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை அமைந்தபோது அதில் முன்னின்று உழைத்தார். பின்னர் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். தென்னிந்திய நடிகர் சங்கத்தின் தோற்றத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1942இல் நிருத்யோதயா என்னும் நடனப்பள்ளியை நிறுவினார். கணிகையர் மரபிலிருந்து பிரிக்கப்பட்டுப் பரதநாட்டியம் எனப் புதுப்பெயர் பெற்ற கலையை நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்குக் கற்பித்த பள்ளிகளுள் அதுவும் ஒன்று. சேவாசதனத்தில் தீராது நின்ற முரண் இங்கு வேறு வடிவில் தொடர்ந்தது. அப்பள்ளியோடு இணைந்து வளர்ந்தவர் மகள் பத்மா சுப்ரமணியம். மகன் எஸ். கிருஷ்ணசாமி, எரிக் பார்னோவுடன் இணைந்து 1963இல் இந்தியத் திரைப்பட வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். இந்தியச் சினிமா குறித்து இன்றும் எடுத்தாளப்படும் நூல் அது.

விகடயோகி (1946), கோகுலதாசி (1948), கீத காந்தி (1949) முதலிய பிற்காலப் படங்கள் முந்தைய மூன்று படங்களின் அளவுக்குப் பேசப்படவில்லை. இறுதியாகக் குறிப்பிடத்தக்கது பாண்டித்தேவன் (1959). சுப்பிரமணியம் 1971 ஏப்ரல் 7ஆம் நாள் காலமானார். தியாகபூமியின் படி ஒன்று புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகிறது.